சந்தேகத்தின் பலன் யாருக்கு? ராணுவச் சட்டத்திலிருந்து வரிச் சட்டத்துக்கு

"கோர்ட் மார்ஷல் பார்த்துக்கிட்டு இருந்தவங்க இன்கம்டாக்ஸுக்கு எப்படி வந்தீங்க?" மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் ஜூனியராகச் சேர வரும் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. மீதிப் பேர் இன்னும் யூனிஃபார்மில் இருக்கும் பழைய சகாக்கள், ஓரிரு வருடத்தில் வெளியே வரப்போகிறவர்கள். அவர்களுக்கு இது வயிற்றுப்பாடு. போனில் பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

14 வருடம் ராணுவத்தின் சட்டப் பிரிவில் இருந்தேன். இப்போது வேலூரில் ஒரு சின்ன அலுவலகம்; நான், ஒரு ஜூனியர், ஒரு கிளார்க். முக்கால்வாசி வரி வழக்குகள்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே இருந்து பார்க்கும்போது, இரண்டு இடத்திலும் வழக்கைத் தீர்மானிப்பது ஒரே கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு விஷயம் நிரூபணம் ஆகாமல் சந்தேகமாகவே நிற்கிறது என்றால், அந்தச் சந்தேகம் யார் தலையில் விழும்? ராணுவச் சட்டமும் வரிச் சட்டமும் இதற்குச் சொல்லும் பதில் கிட்டத்தட்ட நேர் எதிர். இடம் மாறி வருகிறவர்கள் முதலில் கற்க வேண்டியது பிரிவு எண்களைவிட இதைத்தான்.

முதலில் ஜாக் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் துறை என்பதன் சுருக்கம். சட்டம் முடித்தவர்களை நேரடியாக எடுப்பார்கள். எல்.எல்.பி.யில் 55 சதவீதம், வயது 21 முதல் 27 வரை, இப்போது கிளாட் பிஜி மதிப்பெண்ணும் கேட்கிறார்கள். எஸ்.எஸ்.பி. நேர்காணலில் தேறினால் 49 வாரப் பயிற்சி, நம்ம பரங்கிமலை ஓ.டி.ஏ.வில். அங்கே சட்டப் புத்தகத்துக்கு வேலை இல்லை. எல்லாரையும் போல ஓட வேண்டும், சுட வேண்டும். ராணுவச் சட்டம் படிப்பது அதற்குப் பிறகு, நாக்பூர் பக்கத்தில் காம்ப்டியில்.

சினிமாவில் பார்ப்பதுபோல கோர்ட் மார்ஷலில் நின்று வாதாடுவது இந்த வேலையின் மையம் இல்லை. 1950 ராணுவச் சட்டத்தில் நான்கு வகை கோர்ட் மார்ஷல் உண்டு: ஜெனரல், டிஸ்ட்ரிக்ட், சம்மரி ஜெனரல், சம்மரி. ஜெனரல் கோர்ட் மார்ஷலில் குறைந்தது ஐந்து அதிகாரிகள் உட்கார வேண்டும், டிஸ்ட்ரிக்டில் மூன்று. அவர்கள் யாரும் வக்கீல்களாக இருக்க வேண்டியதில்லை. பீரங்கிப் படையிலோ சிக்னல்ஸிலோ இருக்கிறவர்களாக இருக்கலாம். அதனால்தான் ஜெனரல் கோர்ட் மார்ஷலில் ஒரு ஜட்ஜ் அட்வகேட் கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது 129-ஆம் பிரிவு. சட்டம் என்ன சொல்கிறது, எந்தச் சாட்சியத்தை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று அவர் எடுத்துச் சொல்வார். ஓட்டுப் போட மாட்டார். வழக்கின் முடிவில் சாட்சியங்களைத் தொகுத்துச் சொல்லும்போது, "சந்தேகம் மிச்சம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு" என்பதை அந்த ஐந்து பேருக்கும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லி, அது சட்டம் என்பதே மறந்து மூச்சுவிடுவது போல ஆகிவிடும்.

மீதி நாளெல்லாம் கோப்புதான். விசாரணைக் குழு அறிக்கை சரியா, 22-ஆம் விதிப்படி முதல் விசாரணை நடந்ததா, 23-ஆம் விதிப்படி சாட்சியச் சுருக்கம் எழுதும்போது "நீ எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை" என்று அந்தச் சிப்பாயிடம் சொன்னார்களா, தண்டனையை உறுதிசெய்கிற அதிகாரிக்கு அந்த அதிகாரம் உண்மையிலேயே இருக்கிறதா. இது அலுப்பான வேலை என்று பலர் சொல்வார்கள். எனக்கு வரி வேலையில் சோறு போடுவது இந்த அலுப்புதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளியே வருவது பற்றி. ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்றால் 10 வருடம், விரும்பினால் இன்னும் 4. நிரந்தரக் கமிஷன் கிடைக்காதவர்களும் வேண்டாம் என்றவர்களும் முப்பதுகளின் பின்பாதியில் வீட்டுக்கு வருவார்கள். மாதாமாதம் பென்ஷன் கிடையாது. ஒரு கிராஜுவிட்டித் தொகை, அவ்வளவுதான். முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீலாகத் தொழில் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. அதனால் பெரும்பாலானவர்கள் வெளியே வந்த பிறகுதான் பதிவு செய்கிறார்கள். பதிவுக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் ஆயிரக்கணக்கில் இருந்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று நிறுத்தியது. 2009-10 முதல் பட்டம் வாங்கியவர்கள் அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். பதிவு செய்த தேதியில்தான் உங்கள் சீனியாரிட்டி ஆரம்பம். 14 வருடம் ஜெனரலுக்கு ஆலோசனை சொன்னவரும் நேற்று கல்லூரி முடித்த பையனும் நீதிமன்ற வராந்தாவில் ஒன்று. இதில் எனக்குக் குறை இல்லை. நியாயமான ஏற்பாடுதான்.

வெளியே வரும் ஜாக் அதிகாரி இயல்பாகப் போகிற இடம் ஆயுதப் படைகள் தீர்ப்பாயம். 2007 சட்டத்தின்படி அமைந்து, 2009 ஆகஸ்ட் 8 அன்று தொடங்கியது. சென்னையிலும் ஒரு அமர்வு உண்டு. நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். வேலூர்ப் பக்கம் ராணுவத்தில் ஆள் இல்லாத ஊர் குறைவு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். ஊரில் வந்து உட்கார்ந்தால் போதும், பென்ஷன் வழக்கு தானாக வரும். அதில் பெரும்பங்கு டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது பணியில் இருந்தபோது ஏற்பட்ட உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம்.

இந்த ஒரு பென்ஷனை வைத்தே நான் சொல்ல வந்ததைக் காட்ட முடியும்.

2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வலிப்பு நோய் காரணமாக வெளியே அனுப்பப்பட்ட சிப்பாய் அவர். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதிவிட்டது. நீதிமன்றம் கேட்டது இதுதான்: சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு இந்த நோய் இருந்ததாகக் குறிப்பு உண்டா? இல்லை என்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார், நோய் பணியில்தான் வந்தது என்று கொள்ள வேண்டும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அரசு. சிப்பாய் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் பலன் அவருக்கே. அடுத்த வருடம் ராம் அவதார் வழக்கு. 20 சதவீதப் பாதிப்பு என்றாலும் 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டுமில்லை, முழுப் பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று ஆனது.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் கையில் வைத்துக்கொண்டு தீர்ப்பாயத்தில் நிற்கும் வக்கீலுக்கு, காகிதம் இல்லாததே பலம். சேரும்போது எழுதிய குறிப்பு இல்லையா? நல்லது. மருத்துவக் குழு காரணம் எழுதவில்லையா? இன்னும் நல்லது.

வழக்கு ஜெயித்தது, பென்ஷன் வந்தது. பிறகு அதே மனிதர் ஒரு நாள் இன்னொரு காகிதத்தோடு வருவார். "மேடம், டிஸெபிலிட்டிக்கு டாக்ஸ் கிடையாதுன்னு சொன்னாங்க, பேங்க்ல பிடிச்சிட்டாங்க. ரிட்டர்ன்ல கழிச்சுக் காட்டினதுக்கு நோட்டீஸ் வந்திருக்கு."

வரி இல்லை என்பதன் வேர் 1922-இல் இருக்கிறது. அந்த வருடம் மார்ச் 21 அன்று வெளியான அரசு அறிவிப்பு ஒன்று, காயத்துக்கும் உடல் பாதிப்புக்கும் தரப்படும் ராணுவ ஓய்வூதியத்துக்கு விலக்குக் கொடுத்தது. வெள்ளைக்காரன் காலத்து அறிவிப்பு. 1961 சட்டம் வந்த பிறகும் அது செத்துப்போகவில்லை. 2001 ஜூலையில் மத்திய நேரடி வரிகள் வாரியம், பாதிப்புக்கான பங்கும் பணிக்கான பங்கும் சேர்த்து மொத்த டிஸெபிலிட்டி பென்ஷனுக்கும் விலக்கு என்று விளக்கம் கொடுத்தது. 2019 ஜூன் 24 அன்று அதே வாரியம் 13/2019 சுற்றறிக்கையில், பாதிப்பால் பாதியில் அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு, முழுப் பணி முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு இல்லை என்றது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இருக்கிற நிலை தொடரட்டும் என்று உத்தரவிட்டது. அதோடு விஷயம் ஓயவும் இல்லை.

சுற்றறிக்கை வந்தபோது நான் யூனிஃபார்மில் இருந்தேன். படித்தவுடன் எனக்கு வந்த எதிர்வினை ராணுவச் சட்டக்காரரின் எதிர்வினை: "சந்தேகம்னா சிப்பாய்க்குத்தானே?" வரிச் சட்டத்தில் அப்படி இல்லை. அதற்கு முந்தைய வருடம்தான், 2018 ஜூலையில், திலீப் குமார் அண்ட் கம்பெனி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு கோட்டைக் கிழித்திருந்தது. அது சுங்க வரி வழக்கு, ஆனால் கோடு எல்லா வரிக்கும்தான். வரி விதிக்கும் பிரிவில் குழப்பம் இருந்தால் பலன் வரி கட்டுபவருக்கு. விலக்குக் கொடுக்கும் அறிவிப்பில் குழப்பம் இருந்தால் பலன் அரசுக்கு. விலக்கு கேட்பவர்தான் தான் அதற்குள் வருவதாகக் காட்ட வேண்டும்.

ஆக, ஒரே மனிதர், ஒரே முழங்கால். முழங்கால் எப்படிப் போனது என்ற சந்தேகம் ஒரு தீர்ப்பாயத்தில் அவருக்குச் சாதகம். அந்த முழங்காலுக்காக வரும் பணம் விலக்குக்குள் வருமா என்ற சந்தேகம் இன்னொரு இடத்தில் அவருக்குப் பாதகம்.

இது எவ்வளவு பணம்? கணக்குக்காக ஒரு ஆளை வைத்துக்கொள்வோம். கடைசியாக வாங்கிய சம்பளம் 60,000 ரூபாய். முழுப் பாதிப்புக்கு 30 சதவீதம் என்றால் 50 சதவீதப் பாதிப்புக்கு 15, அதாவது மாதம் 9,000, வருடத்துக்கு 1,08,000. அவர் 20 சதவீத அடுக்கில் இருந்தால் செஸ்ஸோடு சேர்த்து வரி 22,464 ரூபாய். அகவிலை நிவாரணம் சேர்ந்தால் இன்னும் ஏறும். ஒரு ஹவில்தார் வீட்டில் அது பிள்ளையின் ஒரு செமஸ்டர் பீஸ்.

எதிர்த் தரப்பையும் சொல்ல வேண்டும். கடைசி வருடத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை என்று பதிவு செய்து டிஸெபிலிட்டி வாங்கும் மூத்த அதிகாரிகள் பற்றி ராணுவத்துக்குள்ளேயே முணுமுணுப்பு உண்டு, அது முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் மருத்துவக் குழு. வரி விலக்கை வெட்டினால் குண்டடி பட்டும் காலை இழுத்துக்கொண்டு முழுப் பணியையும் முடித்தவருக்கும் சேர்த்து வெட்டு விழுகிறது.

இந்த மாதிரி நோட்டீஸுகளில் ஆரம்பித்துத்தான் என் அலுவலகம் வரி பக்கம் சாய்ந்தது. முன்னாள் ராணுவத்தினர், பிறகு அவர்கள் மச்சான், மச்சானின் கடை, கடையின் ஜி.எஸ்.டி. ஊர்ப்பக்கத் தொழில் இப்படித்தான் வளரும்.

விலக்கு என்பது ஒரு மூலை மட்டும். வரிச் சட்டத்தின் நடு ஹாலுக்குப் போனால் தலைகீழ் மாற்றம் இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு உதாரணம், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஓய்வு பெற்ற ஒருவர் ஓய்வுக்கால பணத்திலிருந்து 11 லட்சத்தை ரொக்கமாக எடுக்கிறார், மனை வாங்க. பத்திரத்தில் சிக்கல், மனை கைகூடவில்லை. பணம் பீரோவில் இருக்கிறது. 14 மாதம் கழித்து அதே வங்கியில் திருப்பிக் கட்டுகிறார். கணினி அதைப் பிடிக்கிறது, நோட்டீஸ் வருகிறது: இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

கோர்ட் மார்ஷலாக இருந்தால், அது திருட்டுப் பணம் என்று காட்ட வேண்டியது அவர்கள். இவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 20(3) இருக்கிறது, 23-ஆம் விதியின் எச்சரிக்கை இருக்கிறது. வருமான வரியில் பிரிவு 69ஏ. பணம் உங்களிடம் இருந்தது என்பது போதும். விளக்கம் நீங்கள் தர வேண்டும், அது அதிகாரிக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது உங்கள் வருமானம். அடுக்கு கிடுக்கு எல்லாம் கிடையாது. பிரிவு 115பிபிஇ-யில் 60 சதவீத வரி, அதன்மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், அதன்மேல் செஸ், ஆக 78 சதவீதம். 11 லட்சத்தில் 8,58,000. அபராதம் தனி. பதிலே சொல்லாமல் இருந்தால் பிரிவு 144, அதிகாரி தனக்குத் தெரிந்தவரை மதிப்பிட்டு முடித்துவிடுவார்.

ராணுவத்திலிருந்து வரும் வக்கீலுக்குக் கை வராத இடம் இதுதான். 14 வருடம் "பேசாதே, அவன் நிரூபிக்கட்டும்" என்பதன் மதிப்பைக் காத்து வந்த ஆள், இங்கே கட்சிக்காரரைப் பேச வைக்க வேண்டும். முதல் நோட்டீஸுக்கே, காகிதத்தோடு. மேலே சொன்ன ஆளுக்கு வேண்டியது உருக்கமான வாதம் இல்லை. பணம் எடுத்த தேதி, மனைக்கான முன்பணப் பேச்சின் கடிதம், இடைப்பட்ட 14 மாதமும் குடும்பச் செலவு பென்ஷனிலிருந்தே நடந்ததைக் காட்டும் பாஸ்புக். இதையெல்லாம் சேர்த்து ஒரு பக்க ரொக்க ஓட்டக் கணக்கு. எடுத்த பணம் வேறெங்கோ செலவானது என்று துறை காட்டாதவரை இடைவெளியை மட்டும் வைத்து வரி போட முடியாது என்று தீர்ப்பாய அமர்வுகள் பல முறை சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த வாதம் நிற்பதற்கு முதலில் பாஸ்புக் வேண்டும்.

சரி, அப்படியென்றால் பழைய பழக்கம் எதுவும் உதவவில்லையா? நிறைய உதவியது.

ராணுவ விதி 180 என்று ஒன்று. விசாரணைக் குழுவில் ஒருவரின் பெயருக்குப் பங்கம் வருகிற மாதிரி இருந்தால், அவர் முழு நேரமும் அங்கே இருக்க வேண்டும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பு வேண்டும். இதை விட்டுவிட்ட கோப்புகளை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறோம். வரியில் இதற்கு நேர் இணை உண்டு. யாரோ ஒரு வியாபாரி சோதனையின்போது "இன்னாருக்கு ரொக்கம் கொடுத்தேன்" என்று சொல்லியிருப்பார். அந்த ஒற்றை வாக்குமூலத்தை வைத்து இங்கே ஒருவருக்கு வரி போடுவார்கள். 2015-இல் அந்தமான் டிம்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாமல் அவர் சொன்னதையே ஆதாரமாக வைத்தால் அந்த உத்தரவே செல்லாது என்றது. கலால் வரி வழக்குதான், ஆனால் வருமான வரியிலும் தினமும் ஓடும் தீர்ப்பு. குறுக்கு விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம். நோட்டீஸுக்கான முதல் பதிலிலேயே அந்த ஒரு வரியை எழுதிவிடுவது எனக்கு விதி 180 கொடுத்த பழக்கம்.

காலவரம்பும் அப்படியே. ராணுவச் சட்டம் 122-ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தோ, உரிய அதிகாரிக்குத் தெரிந்தோ மூன்று வருடத்துக்குப் பிறகு கோர்ட் மார்ஷல் நடத்த முடியாது. படையை விட்டு ஓடுவது, கலகம் போன்றவை விதிவிலக்கு. வருமான வரியில் பழைய கணக்கைத் திறக்க, 2024 செப்டம்பர் முதல் உள்ள விதிப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 வருடம் 3 மாதம்; விட்டுப்போன வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 வருடம் 3 மாதம். நோட்டீஸ் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது தொகையை இல்லை, தேதியை. அடுத்தது, அனுமதி கொடுத்த அதிகாரி சரியான அதிகாரியா என்று. கோர்ட் மார்ஷலைக் கூட்டியவருக்கு அதற்கான வாரண்ட் இருக்கிறதா என்று பார்த்த அதே கண்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கண் பாதி தூரம்தான் கொண்டுபோகும். பிரிவு 292பி, சாராம்சம் சரியாக இருந்தால் நோட்டீஸில் உள்ள சின்னப் பிழைகளுக்காக அது செல்லாமல் போகாது என்கிறது. பெயரில் ஒரு எழுத்துப் பிழையைப் பிடித்துக்கொண்டு கொண்டாட முடியாது. அதிகார வரம்பு, காலவரம்பு, கேட்கப்படும் உரிமை, இந்த மூன்றில் விழும் ஓட்டைதான் ஓட்டை.

தீர்ப்பாயத்தின் அமைப்புகூட பழகிய மாதிரி இருக்கும். ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தில் ஒரு நீதித்துறை உறுப்பினர், பக்கத்தில் ராணுவத்தில் உயர் பதவியில் இருந்த நிர்வாக உறுப்பினர். 1941 ஜனவரி 25 முதல் இருக்கும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் ஒரு நீதித்துறை உறுப்பினர், பக்கத்தில் கணக்கியல் உறுப்பினர். சட்டம் தெரிந்தவர் ஒருவர், தொழில் தெரிந்தவர் ஒருவர். இருவருக்கும் புரிகிற மாதிரி பேசுவதுதான் கோர்ட் மார்ஷலில் ஐந்து அதிகாரிகளிடம் பேசிப் பழகியவருக்குக் கைவந்த கலை. கணக்கியல் உறுப்பினரிடம் தீர்ப்புகளை அடுக்குவதைவிட அட்டவணையை நீட்டுவது நல்லது.

தொழில் நடத்துவது பற்றி. பார் கவுன்சில் விதி 36-இன்படி விளம்பரம் செய்யக் கூடாது. அப்படியென்றால் கேஸ் எப்படி வரும்? ஆடிட்டர்கள் வழியாக. நம் ஊரில் வரி என்றாலே ஆடிட்டர்தான். வக்கீல் ஞாபகம் வருவது உத்தரவு எதிராக வந்த பிறகு. பிரிவு 288-இன்படி துறையிலும் தீர்ப்பாயத்திலும் இருவருமே ஆஜராகலாம். டாக்ஸ் ஆடிட் கையெழுத்து அவர்களுக்கு மட்டும். நான் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுத்தேன்: ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் வேலைக்குப் போவதில்லை. அவர்கள் சாப்பாட்டில் கை வைத்தால் அவர்கள் ஏன் எனக்கு மேல்முறையீடு அனுப்ப வேண்டும்? முதல் ஒன்றரை வருடம் இதனால் வருமானம் மெலிந்துதான் இருந்தது, கிராஜுவிட்டிப் பணம் கரைந்தது. இப்போது வரும் வழக்குகளில் பாதிக்கு மேல் மூன்று ஆடிட்டர்களிடமிருந்து.

முன்னாள் ராணுவத்தினர் வழக்குகளில் மட்டும் ஒரு தனி வியாதி உண்டு. இன்று மதிப்பீடு முகமற்ற முறையில், பிரிவு 144பி. அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. நோட்டீஸ், பதில், உத்தரவு எல்லாம் இணையதளத்திலும் மின்னஞ்சலிலும். அந்த மின்னஞ்சல் யாருடையது? பல கோப்புகளில் அது ப்ரவுசிங் சென்டர் பையனுடையது. ரிட்டர்ன் போட்ட அன்று அவன் தன் மெயிலைக் கொடுத்திருப்பான், பிறகு கடையே மாறியிருக்கும். மூன்று நோட்டீஸ், ஒரு உத்தரவு, ஒரு அபராதம் எல்லாம் யாரும் திறக்காத பெட்டியில் கிடக்கும். வங்கிக் கணக்கை முடக்கியதும்தான் இவருக்கே தெரியும். முதல் மேல்முறையீட்டுக்குக் காலம் 30 நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். 1987-இன் கட்டிஜி தீர்ப்பு தாராளமாகப் பார்க்கச் சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நம்பும்படியான காரணம் வேண்டும். புதிதாக யார் வந்தாலும் என் கிளார்க் கேட்கும் முதல் கேள்வி, "ஐயா, உங்க லாகின்ல யாரு மெயிலு, யாரு போன் நம்பர் இருக்கு?"

இன்னொன்று, ரீஃபண்ட் ஏஜெண்டுகள். "எல்லாருக்கும் வாங்கித் தந்திருக்கேன் சார், வர்றதுல இவ்வளவு சதவீதம் எனக்கு." இல்லாத நன்கொடை, இல்லாத வாடகை. யூனிட்டில் பத்துப் பேர் போட்டால் பதினொன்றாவது ஆளும் போடுவார். வரிசையில் நிற்கப் பழகியவர்கள். ராணுவத்தில் மேலே இருப்பவர் சட்டப்படி சொன்னதைச் செய்வது கடமை. ரிட்டர்னில் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது மேலே யாரும் கிடையாது. தவறாகக் காட்டியதற்கு பிரிவு 270ஏ-யில் வரியின் 200 சதவீதம் அபராதம், ஏஜெண்டுக்குப் போனதும் திரும்பி வராது. இந்த வழக்குகளில் நான் செய்யக்கூடியது குறைவு. நோட்டீஸ் வருவதற்கு முன்பே வந்தால் திருத்திய ரிட்டர்ன் போடச் சொல்வேன்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-இன் புதிய வருமான வரிச் சட்டம், 536 பிரிவுகளோடு. மேலே நான் சொன்ன எண்கள் எல்லாம் 1961 சட்டத்தினுடையவை. பழைய வருடங்களின் வழக்குகள் அந்த எண்களில்தான் இன்னும் பல காலம் ஓடும். வெளியே வரப்போகும் சகாக்களுக்கு இது ஒரு விதத்தில் நல்ல சமயம். முப்பது வருட அனுபவக்காரரும் இப்போது எந்தப் பிரிவு எங்கே போனது என்று பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏ.எஃப்.டி.யா, டாக்ஸா என்று கேட்கிறவர்களுக்கு: இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் ஒருவரேதான் வருவார். சேவையில் இருக்கும்போதே கணக்குப் பதிவியல் அடிப்படையைப் படித்துவிடுங்கள். சட்டத்தை வெளியே வந்தும் படிக்கலாம். ஒன்றரை வருடச் செலவுக்குக் கையிருப்பு இருக்கட்டும். கட்சிக்காரர் டிஸெபிலிட்டி பென்ஷன்காரராக இருந்தால், வழக்கு எந்தத் தீர்ப்பாயத்தில் இருந்தாலும் மூன்று காகிதங்களை முதல் நாளே நகல் எடுத்து வாங்கி வையுங்கள்: பென்ஷன் ஆணையின் எல்லாப் பக்கங்களும், பின்னால் வந்த திருத்த ஆணைகளும் சேர்த்து, விடுவிப்பு மருத்துவக் குழுவின் முழு அறிக்கை, பாதிப்புக்கான பங்கைத் தனியாகக் காட்டும் வங்கியின் பென்ஷன் சீட்டு. நிலுவை மொத்தமாக வந்து அதில் வரிக்குரிய பகுதி இருந்தால், ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே படிவம் 10இ-யை இணையத்தில் சமர்ப்பிக்க வேண்டும். ரிட்டர்ன் போட்ட பிறகு ஞாபகம் வந்து கொண்டுவருகிறவர்கள்தான் அதிகம்.